நண்பருக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவுவது எப்படி

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். அதில் க்ளீசன் எண் என்று புற்றின் வீரியத்தைக் காட்டும் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 3+4, 4+3 இரண்டுமே 7தான். ஆனால் முதலில் வரும் எண்தான் அதிகமாக இருக்கும் செல் வகை, அதனால் 4+3 வீரியம் கூடியது. பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் ப்ராஸ்டேட் புரதம்) அளவு, எடுத்த துண்டுகளில் எத்தனையில் புற்று, எம்.ஆர்.ஐ.யில் ப்ராஸ்டேட் சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

க்ளீசன் 6, பி.எஸ்.ஏ. 10க்குக் கீழ், கட்டி சுரப்பிக்குள்ளேயே என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். ‘கேன்சரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?’ என்று வீட்டில் பதறுவார்கள். சும்மா இல்லை: ஆறு மாதத்துக்கொரு பி.எஸ்.ஏ., இடையிடையே எம்.ஆர்.ஐ., மறு பயாப்சி. பிரிட்டனின் ப்ரொடெக்ட் ஆய்வு 2023இல் 15 ஆண்டுக் கணக்கைச் சொன்னது. சுரப்பிக்குள் அடங்கிய புற்றில் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு எதுவானாலும் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான்.

வீரியம் கூடியதென்றால் யூராலஜி சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர் இருவரையும் பார்க்க வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்தால் அவர் கைவசமுள்ள சிகிச்சையே பெரிதாகத் தெரியும். அறுவைக்குப் பின் ஓரிரு வாரம் சிறுநீர் வடியக் குழாய் (கதீட்டர்), பிறகு சில மாதம் கசிவு. கதிர்வீச்சில் மலக்குடல் எரிச்சல், சிலருக்கு ஹார்மோன் ஊசியும். ‘உங்கள் நோயாளிகளில் ஒரு வருடம் கழித்தும் பேட் வைப்பவர்கள் எத்தனை பேர்?’ என்று நேராகவே கேளுங்கள். விறைப்பு பற்றிக் கேட்க நண்பர் கூசுவார். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே போய் நில்லுங்கள்.