சொல்லைப் பிடித்துத் தைத்துக்கொள்வது எப்படி: நேர்மறை வாக்கியங்கள் கூச்சம் தரும்போது

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதுரையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். பயிற்சியாளர் எங்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "நான் வெற்றி பெறவே பிறந்தவன்" என்று மூன்று முறை உரக்கச் சொல்ல வைத்தார். இரண்டாம் முறை சொல்லும்போதே எனக்குக் காதுமடல் சூடாகிவிட்டது; உள்ளுக்குள் ஒரு குரல், "அப்படியா? போன மாசம் வாடகைக்கு யார்கிட்ட கைமாத்து வாங்குன?" என்று கேட்டது. வகுப்புக்குப் போனபோது இருந்ததைவிடச் சோர்ந்துபோய்த்தான் சிம்மக்கல் அறைக்குத் திரும்பினேன்.

அந்தச் சோர்வு என் குணக்கேடு என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகே மனம் ஆறியது. அவர்கள் சிலரை 4 நிமிடங்கள் தம் எண்ணங்களை எழுதச் சொல்லி, 15 விநாடிக்கு ஒருமுறை மணி ஒலிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவன்" என்னும் பொருளில் ஒரு வாக்கியத்தைத் தமக்குள் சொல்லிக்கொள்ள வைத்தார்கள். தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களில், அதைச் சொன்னவர்களின் மனநிலை சொல்லாதவர்களுடையதைவிடத் தாழ்ந்திருந்தது. மனம் நம்பாத ஒன்றைச் சொன்னால், அது உடனே எதிர்ச்சாட்சிகளைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

நம் வீடுகளில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. சொல்லுக்குப் பலன் உண்டு என்பதில் நமக்கு ஐயமே இல்லை. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிறோம், வாசலில் இறங்கும்போது போகிறேன் என்று சொன்னால் "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று பாட்டி திருத்துகிறார். அதே பாட்டிதான், தன்னைத் தானே மெச்சிக்கொள்பவனைத் தம்பட்டக்காரன் என்றும், நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்றும் சொல்லி வளர்த்திருக்கிறார். ஆகவே கண்ணாடி முன் நின்று "நான் அழகானவள், நான் திறமைசாலி" என்று சொல்ல நாக்கு எழாவிட்டால், அதில் வியப்பில்லை.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே புதுமண்டபத் தூண்களுக்கு இடையில் தையற்காரர்கள் இருந்த காலத்தில், சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று கொண்டுபோனால் அவர்கள் உடம்பைக் குறை சொல்லமாட்டார்கள். இரண்டு பக்கமும் துணியைப் பிடித்துக் குண்டூசி குத்துவார்கள். கூச்சம் தரும் வாக்கியத்தையும் அப்படித்தான் கையாள வேண்டும். கூச்சம் எந்த இடத்தில் தொளதொளப்பு என்று காட்டிக்கொடுக்கிறது.

முதலில் ஒரு நோட்டில், சொல்ல நினைக்கும் வாக்கியத்தை இடப்பக்கம் எழுதுங்கள். அதைப் படித்ததும் மனம் சொல்லும் பதிலை, அது எவ்வளவு காரமாக இருந்தாலும், வலப்பக்கம் அப்படியே எழுதுங்கள். இந்த வலப்பக்கத்தைப் பலரும் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தெற்கு மாசி வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் என் சித்தி மகள், "நான் கெட்டிக்காரி" என்று எழுதினாள். வலப்பக்கத்தில் "நேத்து கல்லாவுல இருநூறு ரூபாய் குறைஞ்சுச்சே" என்று வந்தது. அந்தப் பதிலோடு சண்டை போடாமல், அதையும் உள்ளே வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் செய்யச் சொன்னேன். மூன்று முறை அடித்து எழுதிய பிறகு, "கணக்கு குறைஞ்சா பதறாம மறுபடி எண்ணிப் பார்க்க எனக்குத் தெரியும்" என்று நின்றது. அதற்கு மனத்திடம் மறுப்பு இல்லை, ஏனென்றால் முந்தின நாள் அவள் அப்படித்தான் எண்ணிக் கண்டுபிடித்திருந்தாள்.

அடுத்தது மொழி. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வாக்கியங்கள் பட்டிமன்ற மேடையில் நிற்பதுபோல் விறைத்து நிற்கும். வீட்டில் உங்களைத் தேற்றுபவர் எந்தத் தமிழில் தேற்றுவாரோ, அந்தத் தமிழில் சொல்லுங்கள். நம்மிடம் '-லாம்' என்று ஓர் அருமையான விகுதி இருக்கிறது: "பாத்துக்கலாம்", "மெதுவா முடிச்சிரலாம்". அதில் பெருமையும் இல்லை, பொய் வாக்குறுதியும் இல்லை. கூடவே ஒருவர் நிற்பதுபோன்ற ஆதரவு மட்டும் இருக்கிறது. 'பழகிக்கிட்டு இருக்கேன்' என்னும் நிகழ்காலமும் அப்படியே உதவும். அதுவும் கூச்சமாக இருந்தால், உங்கள் பெயரையே சொல்லி, இன்னொருவரிடம் பேசுவதுபோல் பேசுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான பேச்சுக்கு முன் தம் பெயரைச் சொல்லித் தமக்குள் பேசிக்கொண்டவர்கள், நான், நான் என்று பேசிக்கொண்டவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள்.

உரக்கச் சொல்ல வேண்டியதில்லை, நூறு முறையும் வேண்டியதில்லை. நாள்தோறும் எப்படியும் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துக்கொண்டால் போதும்: கோலப்புள்ளி வைக்கும்போது, அல்லது திருமங்கலத்திலிருந்து வரும் பேருந்து பெரியார் நிலையத்துக்குள் திரும்பும்போது, இரண்டு முறை. கண்ணாடி கட்டாயமில்லை, எனக்கு அது ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

கூச்சத்தில் இருவகை உண்டு. புதுச் செருப்பு போன்றது ஒன்று. சில நாளில் பழகிவிடும். சொன்ன பிறகு நெஞ்சு அடைத்து, பழைய அவமானங்கள் வரிசையாக வரத் தொடங்கினால் அது வேறு. அந்த வாக்கியத்தை அன்றே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, உங்களுக்கு முக்கியமான ஒன்றைப் பற்றி, அது பிள்ளைகளோ, நேர்மையோ, கைத்தொழிலோ, பத்து நிமிடம் எழுதலாம். உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-இல் முன்வைத்த கோட்பாட்டின் வழி வந்த பயிற்சி இது. தன்னைப் புகழாமலே தன்னைத் தாங்கிக்கொள்ள இதில் வழி கிடைக்கிறது. பல நாள் தூக்கம் கெட்டு, வாழ்வதே சுமை என்ற எண்ணம் வந்தால், வாக்கியங்களை ஒதுக்கிவிட்டு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாக்கியத்துக்கு வலப்பக்கத்தில் எழுத எதுவுமே வராத நாளில், அதைக் கொஞ்சம் பிரித்து, பெரிதாகத் தைக்கலாம். சித்தி மகளின் நோட்டில் இப்போது இடப்பக்கத்தில், "கல்லாவை நான் தனியாப் பாத்துக்கிறேன்னு அண்ணாச்சிகிட்ட கேட்கலாம்" என்று இருக்கிறது. வலப்பக்கத்தில், "கேட்டா சிரிப்பாரு."