அன்றாடம் ஆயத்தமாயிருக்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், விளக்கோடு மணவாளனுக்காகக் காத்திருக்கும் பத்துக் கன்னிகைகளுமே தூங்கிவிடுகிறார்கள், புத்தியுள்ள ஐந்து பேர் உட்பட. தூங்கியதற்காக மணவாளன் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. விளக்குக்கு எண்ணெயை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்களா என்பதே கேள்வி. ஆகவே ஆண்டவரைச் சந்திக்க ஆயத்தம் என்றவுடன் முழு இரவு ஜெபத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்; அன்றாட வேதவாசிப்பும் ஜெபமும் போதும்.

1. முந்தின இரவே வேதாகமத்தில் மறுநாள் பகுதிக்கு நாடா வைத்து, மேசைமேல் வையுங்கள். கைப்பேசி வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும்.

2. மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் புறப்பட்டு லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் எந்தச் சபையிலும் உண்டு. மாற்கில் 16 அதிகாரங்கள்தான். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது.

நாளுக்கு ஒரு சம்பவம் போதும். உதாரணமாக 4:35-41-ஐ வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். படகில் தண்ணீர் நிரம்புகிறது; இயேசுவோ பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தத் தலையணையைச் சொல்பவர் மாற்கு மட்டுமே. சீஷர்கள் அவரை எழுப்பிக் கேட்கும் விதம் ஏறக்குறையச் சண்டைதான்: நாங்கள் சாகப்போவது பற்றி உமக்குக் கவலையில்லையா? அந்தக் கேள்வியையே உங்கள் ஜெபமாக்குங்கள். வீட்டுக் கடனோ, மருத்துவ அறிக்கையோ, பிள்ளையின் படிப்போ, உள்ளதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மேடை ஜெபத்தின் அடுக்குமொழி இங்கே தேவையில்லை. பிறகு சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

ஒரு நாள் தவறினால், மறுநாள் இரண்டு மடங்கு வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

3. நெகேமியா 2:4-ஐப் பாருங்கள். ராஜாவுக்குப் பானம் பரிமாறும் நெகேமியா, ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவிலேயே ஜெபித்துவிடுகிறார். மேலதிகாரி கூப்பிடும்போதும், கோபத்தில் பதில் அனுப்பும் முன்பும் நீங்களும் அப்படிச் செய்யலாம். என் வாய்க்குக் காவல் வையும் என்ற சங்கீதம் 141:3 அதற்கென்றே அமைந்தது.

4. படுக்கும் முன் யாரோடு மனத்தாங்கல் என்று பாருங்கள். எபேசியர் 4:26 இதற்குச் சூரிய அஸ்தமனம் வரைதான் தவணை தருகிறது. வேதம் வாசிப்பவர்களில் பலர் தட்டிக்கழிப்பது இந்தப் படியைத்தான். நீண்ட விளக்கம் வேண்டாம்: “அண்ணா, நேற்று நான் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள்.” அவ்வளவுதான். “ஆனால் நீங்களும்” என்று தொடர்ந்தால் அது சண்டையின் இரண்டாம் சுற்று. அவர் எடுக்காவிட்டால் காலையில் மறுபடி அழையுங்கள். மத்தேயு 5:24-இன்படி சகோதரனோடு ஒப்புரவாகும்வரை காணிக்கையே காத்திருக்கலாம் என்றால், அன்றைய வாசிப்பும் சிறிது நேரம் காத்திருக்கட்டும்.