ஆங்கிலத்தில் 'அப்': புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

'அப்' என்றால் 'மேலே' என்று பள்ளியில் படித்திருப்போம். அதை மட்டும் வைத்துக்கொண்டு 'கிவ் அப்' என்பதைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் 'மேலே கொடு' என்றுதான் வரும். அதன் பொருளோ 'கைவிடு'. 'ஷட் அப்' வாயை மூடச் சொல்கிறது. 'டைம் இஸ் அப்' என்றால் நேரம் முடிந்துவிட்டது. இத்தனையையும் பார்த்ததும் பலர் நீளமான பட்டியல் ஒன்றை எடுத்து மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். பட்டியல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சொல் போகும் தடங்கள் சிலதான். அவற்றைப் பிடித்துக்கொண்டால், முன்பின் கேட்டிராத தொடரைக்கூடப் பல சமயம் ஊகித்துவிடலாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: திசையில் தொடங்குங்கள்

'ஸ்டாண்ட் அப்' எழுந்து நில், 'சிட் அப்' நிமிர்ந்து உட்கார், 'லுக் அப்' அண்ணாந்து பார். இதில் குழப்பம் இல்லை. ஆனால் எது 'மேல்' என்பது எப்போதும் வானத்தை வைத்து முடிவாவதில்லை. ஆற்றில் 'அப்' என்றால் நீரோட்டத்துக்கு எதிர்த்திசை. நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், 'அப்பர் ஈஜிப்ட்' எனப்படும் மேல் எகிப்து வரைபடத்தில் கீழே, தெற்கில் இருக்கிறது. பிரிட்டனின் ரயில் பாதைகளில் பொதுவாக லண்டனை நோக்கிப் போவது 'அப்'. எடின்பரோவிலிருந்து தெற்கே லண்டனுக்கு வரும் ரயிலும் அப் ரயில்தான். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போவதை 'கோ அப்' என்பார்கள், அங்கிருந்து நீக்கப்பட்டால் 'சென்ட் டவுன்'. சாதாரணப் பேச்சிலோ வடக்கே போவது 'அப் நார்த்'.

நமக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை. மேற்கு என்ற சொல்லில் மேல் இருக்கிறது, கிழக்கு என்பதில் கீழ் இருக்கிறது. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்து கிடக்கும் நிலத்தில் பிறந்த பெயர்கள் அவை.

படி 2: 'கூடுகிறதா' என்று பாருங்கள்

'பிரைசஸ் வென்ட் அப்' என்றால் விலை ஏறியது. தமிழிலும் விலை ஏறத்தானே செய்கிறது! 'ஸ்பீக் அப்' சத்தமாகப் பேசு, 'ஸ்பீட் அப்' வேகத்தைக் கூட்டு, 'ஹீட் அப்' சூடாக்கு, 'சியர் அப்' உற்சாகமாக இரு. இது எளிய தடம், கடந்து போகலாம்.

படி 3: 'முடிந்துவிட்டதா' என்று கேளுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் தட்டில் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிடு. 'டிரிங்க்' குடி, 'டிரிங்க் அப்' குடித்து முடி. 'யூஸ்' பயன்படுத்து, 'யூஸ் அப்' தீர்த்துவிடு. 'டியர்' கிழி, 'டியர் அப்' சுக்குநூறாகக் கிழித்துப்போடு. 'டிரை' காய், 'டிரை அப்' வற்றிப்போ.

தமிழ்ப் பக்கத்தைக் கவனித்தீர்களா? விடு, போடு, போ என்ற துணைவினைகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. 'சாப்பிட்டுவிடு' என்பதில் எதையும் கையிலிருந்து விடுவதில்லை. 'வற்றிப்போனது' என்பதில் யாரும் எங்கும் போவதில்லை. செயல் முழுமையாக நடந்தது என்பதை மட்டும் அந்தத் துணைவினை சொல்கிறது. ஆங்கிலத்தில் 'அப்' பார்க்கும் வேலையும் இதுதான். இந்த நுட்பம் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கும்போது, பாடப் புத்தகங்கள் இதைச் சொல்லாமல் பட்டியலை நீட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. 'விடு' வரும் இடமெல்லாம் 'அப்' போட முடியாது. 'வந்துவிட்டான்' என்பது 'கம் அப்' ஆகாது, 'ஹி ஹேஸ் கம்' என்றுதான் சொல்ல வேண்டும். தீர்வது, நிறைவது, சிதைவது, மூடுவது போன்ற வினைகளோடுதான் இந்த 'அப்' அதிகம் வரும்.

இன்னொன்று: காகிதம் எரிந்து தீர்ந்தால் 'பர்ன் அப்', வீடு எரிந்து தரைமட்டமானால் 'பர்ன் டவுன்'. எதிர்ச் சொற்கள் போலத் தெரிந்தாலும் இரண்டுமே முழுசாக எரிந்ததைத்தான் சொல்கின்றன.

படி 4: தோன்றுவதும் நெருங்குவதும்

'ஷோ அப்', 'டர்ன் அப்' இரண்டும் வந்து சேர்வதைக் குறிக்கும். கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தால் 'கம் அப்', அதை ஒருவர் எழுப்பினால் 'பிரிங் அப்'. 'எ மேன் கேம் அப் டு மீ' என்றால் ஒருவர் என் அருகே வந்தார், அவ்வளவுதான். அவர் மாடி ஏறி வரவில்லை. ஓடிப்போய்ப் பிடித்துவிட்டால் 'கேட்ச் அப்'. விழித்திருப்பவர் 'ஐ ஆம் அப்' என்பார், இணையதளம் வேலை செய்தால் அதுவும் 'அப்'.

படி 5: சொல்லை எங்கே வைப்பது?

'பிக் அப் த ஃபோன்' சரி, 'பிக் த ஃபோன் அப்' என்பதும் சரி. ஆனால் 'இட்', 'மீ', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'வேக் மீ அப்' என்று சொல்லுங்கள், 'வேக் அப் மீ' தவறு. நம் ஊரில் அதிகம் காதில் விழும் பிழை இது.

இங்கே ஒரு அழகான சோதனை உண்டு. 'ஷி ரான் அப் எ ஹில்' என்றால் அவள் குன்றின் மேல் ஓடினாள். 'ஷி ரான் அப் எ பில்' என்றால் பில்லை ஏற்றிவிட்டாள். பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன. பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். குன்றுக்கு 'ரான் அப் இட்', பில்லுக்கு 'ரான் இட் அப்'. முதலாவதில் 'அப்' குன்றோடு சேர்ந்தது, இரண்டாவதில் வினையோடு சேர்ந்தது. 'புட் அப் வித்' என்பது போல மூன்று சொல் சேர்ந்த தொடர்களைப் பிரிக்கக் கூடாது. 'புட் அப் வித் இட்' என்று பிரதிப்பெயர் கடைசியில்தான் வரும்.

படி 6: பெயரா, வினையா?

வினையாக எழுதும்போது 'பேக் அப்' இரண்டு சொல், பெயராகும்போது 'பேக்கப்' ஒரே சொல். உச்சரிப்பும் மாறும்: வினையில் 'அப்' மேல் அழுத்தம், பெயரில் முதல் பாதியின் மேல் அழுத்தம். 'பிக் அப்', 'செட் அப்', 'மேக் அப்' மூன்றுக்கும் இதே கதைதான். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

படி 7: தனியாகக் கற்க வேண்டியவை

சில தொடர்களுக்குத் தடம் தெரிந்தாலும் போதாது. 'மேக் அப்' கட்டுக்கதை சொல்வதற்கும் வரும், சண்டைக்குப் பின் ராசியாவதற்கும் வரும். 'ஹேங் அப்' ஃபோனை வைப்பது. பழைய தொலைபேசியில் ரிசீவரைக் கொக்கியில் தொங்கவிட்டதால் வந்த தொடர் அது. 'வாஷ் அப்' பிரிட்டனில் பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் கை, முகம் கழுவுவது. 'அப் டு யூ' உன் விருப்பம்.

தேவையில்லாத இடத்தில் 'அப்' நுழைவதும் உண்டு. 'கோப் அப் வித்' என்று அலுவலக மின்னஞ்சல்களில் தாராளமாக எழுதுகிறோம். 'கோப் வித்' என்பதே சரி. படிவத்தை நிரப்ப 'ஃபில் அப்' என்பது இந்தியாவில் பழகிப்போன வழக்கு. பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்' என்பார்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். நாளிதழின் ஒரு பக்கத்தில் உள்ள 'அப்' எல்லாவற்றையும் வட்டமிட்டு, திசை, கூடுதல், முடிவு, தோற்றம் என்று ஓரத்தில் எழுதுங்கள். அதற்கு முன் இவற்றை முயன்று பாருங்கள்: 'சேல்ஸ் ஆர் அப்', 'த ரிவர் டிரைட் அப்', 'ஹர் நேம் கேம் அப்', 'ஹி குரூ அப் இன் லண்டன்'. முதல் மூன்றும் முறையே கூடுதல், முடிவு, தோற்றம். நான்காவதில் குழந்தை வளர்வதும் இருக்கிறது, வளர்ந்து ஆளாகிவிட்டதும் இருக்கிறது. கூடுதல் என்று எழுதியிருந்தாலும் சரி, முடிவு என்று எழுதியிருந்தாலும் சரி, மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.