தரைக்கடை, தள்ளுவண்டிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒரு அக்காவுக்குக் கோட்டையும் தூரம், டெல்லியும் தூரம். அவருடைய பிழைப்பு நகராட்சியின் கையில்தான் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அந்த அதிகாரத்தில் ஒரு பங்கை வியாபாரிகளுக்கே கொடுத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் விடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு.

எந்தத் தெருவில் கடை போடலாம், எங்கே கூடாது என்பதில், அந்தச் சட்டப்படி ஊருக்கு ஊர் அமைக்கும் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்கு உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள், வியாபாரிகளே தேர்ந்தெடுப்பவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் இந்தத் தேர்தல் வந்தால், "சங்கத்துக்காரங்க பாத்துப்பாங்க" என்று இருந்துவிடாதீர்கள். பேருந்து நிலைய வாசலில் இருக்கும் கடைகளை ஊருக்கு வெளியே ஒரு பொட்டலுக்கு மாற்றலாம் என்ற பேச்சு அந்தக் குழுவுக்குத்தான் வரும். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்தான் நாலு இட்லி கட்டச் சொல்கிறார். பொட்டலுக்கு யார் வருவார்? அதை எடுத்துச் சொல்ல, அடுப்புப் பக்கம் நின்ற ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது, தெருவோர வியாபாரிகளின் பெயரைப் பதியும் கணக்கெடுப்பு. அந்த நாளில் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். பெயர் விடுபட்டால், தெருவில் விற்க அனுமதி தரும் விற்பனைச் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதல் கடனாக 10,000 ரூபாய் வரை கொடுத்தபோது, சான்றிதழோ அடையாள அட்டையோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோதான் கேட்டார்கள்.

தினக் கட்டணத்துக்குக் கட்டாயம் ரசீது வாங்குங்கள். ஆனால் ரசீது இருப்பதாலேயே இடம் உங்களுடையது ஆகிவிடாது.

நகராட்சி ஆட்கள் சரக்கைத் தூக்கிப்போனால் பலர் கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். காலி செய்யச் சொல்ல 30 நாள் நோட்டீஸ் வேண்டும். பறிமுதல் செய்தால் பொருள் பட்டியலைக் கையெழுத்தோடு கேளுங்கள். காய்கறி, பழம் போல அழுகும் சரக்கை நீங்கள் கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். அதற்குரிய கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும்.

அப்புறம், கவுன்சிலரின் வாய்வார்த்தை. தமிழ்நாட்டு நகரங்களில் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். "நான் பாத்துக்கறேன்" என்ற கவுன்சிலர் போனதும் அந்தச் சொல்லும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் மனுவாக இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் நகராட்சி அலுவலகத் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கி, கல்லாப்பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.