முதல் குறும்படம்: ஒன்லைனிலிருந்து கடைசி காப்பி வரை

"குறும்படத்துக்குக் கதை ரெடி" என்று வருகிற மாணவர்களிடம் கதையைச் சொல்லச் சொன்னால், பெரும்பாலும் இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுதான் வெளியே வரும். பள்ளிக் காலம், காதல், பிரிவு, பத்து வருடம் கழித்து ஒரு சந்திப்பு, போதாததற்குக் கடைசியில் ஒரு மரணம். இதை 8 நிமிடத்துக்குள் திணித்தால் கிடைப்பது ட்ரெய்லர். அதனால் இங்கே ஒரே ஒரு சின்னக் கதையை எடுத்துக்கொண்டு, அதை எழுதுவதிலிருந்து முடிப்பது வரை ஒவ்வொரு படியாகப் போகலாம். கேமரா பற்றிய பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அளவை முடிவு பண்ணுங்கள்

ஆஸ்கர் விதிப்படி, டைட்டில் எல்லாம் சேர்த்து 40 நிமிடத்துக்குள் முடிந்தால் அது குறும்படம். கான் விழாவின் குறும்படப் போட்டியில் 15 நிமிடம்தான் உச்சவரம்பு. முதல் படம் எடுப்பவர் இந்த இரண்டையும் மறந்துவிட்டு 3 முதல் 6 நிமிடத்துக்குள் யோசிப்பது நல்லது.

அவ்வளவு நேரத்தில் என்ன சொல்ல முடியும் என்று கேட்பவர்கள் 1895-இல் லூயி லூமியேர் எடுத்த தோட்டக்காரர் படத்தைத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஓடாது. ஒருவர் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார், பின்னால் வரும் பையன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நின்றதும் அவர் குழாய் முனையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார், பையன் காலை எடுத்துவிடுகிறான். ஆள் இரண்டு, இடம் ஒன்று, சிக்கல் ஒன்று, திருப்பமும் உண்டு. இன்றைக்கும் குறும்படத்துக்கு இந்தச் சட்டகம் போதும்.

படி 2: ஒன்லைன்

கதையை ஒரே வரியில் சொல்வதுதான் ஒன்லைன். நம் கதை இது: *அறைத்தோழி குளித்துக்கொண்டே துண்டு கேட்கிறாள், எடுக்கப் போனவள், காணாமல் போன தன் மோதிரம் அந்தத் துண்டின் மடிப்புக்குள் இருப்பதைப் பார்க்கிறாள்.*

ஒன்லைனை எழுதியதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பாத்திரத்துக்கு இப்போது ஒரு முடிவு எடுக்கவேண்டிய கட்டாயம் இருக்கிறதா? இருக்கிறது, துண்டைக் கொடுத்தே ஆகவேண்டும். நேர நெருக்கடி இருக்கிறதா? இருக்கிறது, தண்ணீர் சத்தம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். நம்மிடம் இருப்பதை வைத்து எடுக்க முடியுமா? ஒரு அறை, இரண்டு நடிகைகள், ஒரு மோதிரம். மூன்றாவது கேள்வியில் தோற்கும் கதைகளை எவ்வளவு பிடித்திருந்தாலும் ஓரமாக வையுங்கள். மழை, கூட்டம், ரயில், குழந்தை, நாய் இதெல்லாம் இரண்டாவது படத்துக்கு.

முடிவில் ட்விஸ்ட் வைத்தே தீரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. "எல்லாம் கனவு", "அவர் எப்போதோ செத்துவிட்டார்" என்ற இரண்டும் போட்டி நடுவர்களுக்கு மனப்பாடம்.

படி 3: திரைக்கதை எழுதுவது

வழக்கமான வடிவத்தில் எழுதினால் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும். நம் கதை மூன்று, மூன்றரை பக்கம் வரும். எழுத்தில் இருக்கவேண்டியது கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே. "இத்தனை வருட நட்பு பொய்யா என்று அவள் மனம் குமுறுகிறது" என்று எழுதினால் கேமராமேன் எதை எடுப்பார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

*துண்டை உதறுகிறாள். மோதிரம் தரையில் விழுந்து உருளும் சத்தம். குனிந்து எடுக்கிறாள். சிவப்புக் கல். குளியலறைக் கதவைப் பார்க்கிறாள். உள்ளே தோழி ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள்.*

அந்த முணுமுணுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. திருடியவள் நிம்மதியாகப் பாடிக்கொண்டிருக்கிறாள் என்ற எரிச்சல் பார்ப்பவருக்குத் தானாக வந்துவிடும், ஒரு வசனமும் தேவையில்லை.

இன்னொன்று, முடிந்த அளவு தாமதமாக ஆரம்பியுங்கள். அலாரம் அடிப்பது, எழுந்து பல் துலக்குவது, கண்ணாடி பார்ப்பது எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். நம் படத்தின் முதல் காட்சியிலேயே இருவரும் கட்டிலுக்கடியில் மோதிரத்தைத் தேடிக்கொண்டிருக்கட்டும், தோழிதான் அதிக அக்கறையோடு தேடுகிறாள். இரண்டாவது காட்சி துண்டு. முடிவு: கதவு ஒரு சாண் திறக்கிறது, இவள் துண்டை நீட்டுகிறாள், நீட்டிய கையின் விரலில் மோதிரம். உள்ளிருந்து வரும் ஈரக்கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு துண்டை வாங்கிக்கொள்கிறது. கட்.

வாய்ஸ் ஓவர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். அதை எடுத்துவிட்டாலும் கதை புரிகிறது என்றால் அது தேவையில்லை, எடுத்துவிட்டால் புரியவில்லை என்றால் திரைக்கதையில் கோளாறு. நான் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன்தான், ஆனால் முதல் படத்துக்கு இந்தக் கறார் நல்லது.

படி 4: பிரேக்டவுன்

படப்பிடிப்புக்கு என்னென்ன தேவை என்று திரைக்கதையைப் பிரித்துப் பார்ப்பதுதான் பிரேக்டவுன். திரைக்கதையைப் பிரிண்ட் எடுத்து, கலர் பேனாவால் ஒவ்வொரு பொருளையும் கோடிடுங்கள். நடிகர், உடை, பொருள், சத்தம் என்று நிறத்துக்கு ஒன்று. சாதாரணமாகத் தெரியும் வரிகள் இங்கேதான் பல்லைக் காட்டும்.

துண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்கை துண்டை வாங்குகிறது, ஆக ஒவ்வொரு டேக்கிலும், அதாவது அந்த ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும், துண்டு நனைகிறது. ஐந்து டேக் போனால் காய்ந்த துண்டு ஐந்து வேண்டும், எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. மோதிரம் கீழே விழுந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டால் படப்பிடிப்பு நிற்கும், அதனால் அதே மாதிரி இன்னொன்று. அது நடிகையின் விரலுக்குப் பொருந்தவேண்டும், எந்தக் கை, எந்த விரல் என்பதும் இப்போதே முடிவாகவேண்டும். தள்ளி நின்று எடுக்கும் வைட் ஷாட்டில் வலது கை, நெருங்கி எடுக்கும் க்ளோசப்பில் இடது கை என்று போனால் எடிட்டிங்கில் ஜெர்க் அடிக்கும்.

படி 5: இடம் பார்ப்பது

படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை 9 மணிக்குப் பார்த்துவிட்டு மாலை 4 மணிக்கு எடுக்கப் போனால் ஜன்னல் வெளிச்சம் வேறு சுவரில் இருக்கும். அறையின் நான்கு மூலையிலும் நின்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வைட் ஷாட் வைக்கப் பின்னால் போக இடமிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு அறை நடுவே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஃப்ரிட்ஜ், மோட்டார், பக்கத்து வீட்டு டிவி, தெருவோர ஹாரன் எல்லாம் வரிசையாகக் கேட்கும். அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு அன்று காலையில் மாறும்.

படி 6: ஷாட் டிவிஷன்

ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து வைப்பது) வரையக் கை வராதவர்கள் குச்சி மனிதர்களை வரைந்தால் போதும், இல்லையென்றால் நண்பர்களை நிற்கவைத்து மொபைலில் எடுத்த ஸ்டில்களே ஸ்டோரிபோர்டு. துண்டுக் காட்சிக்கு நான் இப்படிப் பிரிப்பேன்:

1. மிட் ஷாட் (ஏறக்குறைய இடுப்புக்கு மேலே). அவள் அலமாரியைத் திறக்கிறாள், பின்னால் ஃபோகஸ் இல்லாமல் குளியலறைக் கதவு.
2. க்ளோசப். தரையில் மோதிரம், அதை எடுக்கும் விரல்கள்.
3. க்ளோசப். அவள் முகம், கதவைப் பார்க்கிறாள். (தண்ணீர் சத்தம் நிற்கிறது.)
4. வைட். முழு அறை, நடுவில் துண்டோடு அவள் மட்டும்.
5. க்ளோசப். கதவிடுக்கு, மோதிர விரல், ஈரக்கை.

ஐந்துதான். "கவரேஜ் வேண்டும்", அதாவது ஒரே காட்சியைப் பல கோணத்திலும் எடுத்து வைக்கவேண்டும், என்று பதினைந்து ஷாட் எழுதுவதை விட, இந்த ஐந்தையும் ஒழுங்காக எடுப்பது மேல்.

இங்கே 180 டிகிரி விதி வரும். அவளுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது ஷாட்டில் அவள் திரையின் வலப்பக்கம் பார்த்தால், ஐந்தாவது ஷாட்டில் அவள் கை இடப்பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் அவள் கதவுக்கு எதிர்த்திசையில் துண்டை நீட்டுவது போல இருக்கும், பார்ப்பவர் ஒரு நொடி குழம்புவார், அந்த நொடியில் மோதிரம் கண்ணில் படாமல் போய்விடும். கூடவே 30 டிகிரி விதியும் உண்டு: ஒரே ஆளைக் காட்டும் அடுத்தடுத்த இரண்டு ஷாட்டுக்கும் நடுவில் கேமரா 30 டிகிரியாவது நகர்ந்திருக்கட்டும், ஷாட்டின் அளவும் மாறட்டும். இல்லாவிட்டால் வெட்டு துள்ளும்.

படி 7: ஆட்களும் நேரமும்

இயக்குநர், கேமரா, ஒலி, உதவி இயக்குநர், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள், கை எதுவும் மாறாமல் இருப்பது) பார்க்க ஒருவர். ஐந்து பேர் போதும். இயக்குநரே நடிக்கவும் வேண்டாம். உதவி இயக்குநர் வேலையை, கடிகாரத்தைப் பார்த்து "போதும், அடுத்த ஷாட்" என்று நண்பனிடமே முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆளிடம் கொடுங்கள்.

லைட் மாற்றுவது, ஒத்திகை, மூன்று நான்கு டேக் எல்லாம் சேர்த்து ஷாட்டுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். முதல் ஷாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம், ஏனென்றால் அதற்குள் யாராவது ஒருவர் சார்ஜரை மறந்திருப்பார். கதை வரிசையில் எடுக்காதீர்கள். கேமரா அலமாரி பக்கம் பார்க்கும் ஷாட்கள் இரண்டு காட்சியிலும் எவை எவை என்று பார்த்து, அவற்றை மொத்தமாக முடித்துவிட்டு அப்புறம் கதவுப் பக்கம் திரும்புங்கள். துண்டு நனையும் ஷாட் கடைசியில். எல்லாரும் எத்தனை மணிக்கு, எங்கே, எந்த உடையோடு வரவேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

படி 8: படப்பிடிப்பு நாள்

மொபைலில் எடுத்தாலும் சரி, கேமராவில் எடுத்தாலும் சரி, ஆட்டோவை நம்பாதீர்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யுங்கள். ஷட்டர் வேகம், நொடிக்கு எடுக்கும் பிரேம்களின் (தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கையைப் போல இரு மடங்கு என்பது பொது வழக்கம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள ஊர் என்றால் நொடிக்கு 25 பிரேம், 1/50 நொடி ஷட்டர். 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 பிரேம், 1/60. இது பொருந்தாவிட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. மொபைலை ஏரோப்ளேன் மோடில் போட்டு, லென்ஸைத் துடைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு டேக்குக்கும் ஒழுங்கு ஒன்றுதான்: ஒலி ஓடுகிறதா, கேமரா ஓடுகிறதா, கிளாப், ஆக்‌ஷன். கிளாப் போர்டு இல்லையென்றால் காட்சி எண்ணை வாயால் சொல்லிவிட்டு ஒருமுறை கைதட்டினால் போதும், தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு சேர்க்க அந்தத் தட்டல்தான் அடையாளம். நடிப்பு முடிந்ததும் உடனே "கட்" சொல்லாதீர்கள். நான்கைந்து நொடி விடுங்கள், சமயத்தில் நல்ல முகபாவம் அந்த உபரி நொடிகளில்தான் வரும்.

இனி ஒலி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னிக்கும் பார்வையாளர், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். கேமராவில் இருக்கும் மைக் தூரத்தில் இருக்கிறது, அதனால் காலர் மைக்கோ, இன்னொரு மொபைலின் ரெக்கார்டரோ நடிகரின் வாய்க்கு அருகில் இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். திரும்பப் போட மறக்காமலிருக்கப் படப்பிடிப்புக் குழுக்களில் ஒரு தந்திரம் உண்டு: வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள், அதைத் திறக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நம் படத்தில் தண்ணீர் சத்தத்தை நடிப்போடு சேர்த்து எடுக்கவே கூடாது. அதைத் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டால் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை எடிட்டிங்கில் நீங்களே முடிவு பண்ணலாம். தோழியின் முணுமுணுப்பும் அப்படியே. பேக்கப் (அன்றைய படப்பிடிப்பு முடிந்தது) என்று சொல்வதற்கு முன்னால், எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி வெறும் அறையின் அமைதியை 30 நொடி பதிவு செய்யுங்கள், வெட்டுகளுக்கு நடுவே ஒட்டுப்போட அது உதவும்.

மெமரி கார்டை அன்றிரவே இரண்டு இடங்களில் காப்பி எடுங்கள். இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கவேண்டும்.

படி 9: எடிட்டிங், அப்புறம் வெளியே அனுப்புவது

முதலில் எல்லா ஓகே டேக்கையும் கதை வரிசையில் அடுக்குங்கள். அலுப்பாக, நீளமாக இருக்கும், பயப்படவேண்டாம். பிறகு ஒவ்வொரு ஷாட்டின் தலையையும் வாலையும் கத்தரியுங்கள். ஓரளவு வடிவம் வந்ததும், கதையே தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி "நல்லா இருக்கா" என்று கேட்காமல் "என்ன நடந்தது, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். "மோதிரம் யாருடையது?" என்று அவர் திருப்பிக் கேட்டால் முதல் காட்சியில் கைவைக்கவேண்டும், கடைசி ஷாட்டில் அல்ல.

சினிமாப் பாட்டை எடுத்துப் பின்னணியில் போடாதீர்கள். இணையத்தில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினையில் முடக்கப்படலாம், விழாக்களும் இசை உரிமைக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் கேட்கும். நண்பர் யாராவது வாசித்தால் அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், இந்தக் கதைக்கு இசையே வேண்டாம் என்பது என் எண்ணம். டைட்டிலை நான்கு நொடியில் முடியுங்கள். மூன்றரை நிமிடப் படத்துக்கு ஒரு நிமிட நன்றி அட்டை வேண்டாம், உதவிய எல்லாருடைய பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தால் போதும்.

வசனம் குறைவாக இருந்தாலும் சப்டைட்டில் கோப்பு ஒன்றைத் தனியாகத் தயார் செய்யுங்கள். போட்டிகளுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் முதல் நாளே யூடியூபில் பொதுவில் ஏற்றிவிடாதீர்கள், ஏற்கெனவே இணையத்தில் வெளியான படங்களைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. பாஸ்வேர்டு போட்ட லிங்க்கை வைத்துக்கொண்டு, அனுப்பப்போகும் விழாவின் விதிகளில் கால அளவு, கோப்பு வடிவம், கடைசித் தேதி மூன்றையும் படித்துவிட்டு அனுப்புங்கள்.