டார்வின் வாயில வண்டு: வாண்டுகளுக்கு படப் புத்தகம் வழியா அறிஞர்களைக் காட்டுறது எப்படி?

என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, அக்கா பையனுக்கு ஏழு. தருமபுரி பக்கம் பாலக்கோட்டுல எங்க வீட்டுத் திண்ணையில ரெண்டு பேரையும் உக்கார வச்சு போன வருஷத்துல இருந்து இதைப் பண்ணிட்டு வர்றேன். மொத நாள் "இவர் பெரிய விஞ்ஞானி, நிறைய கண்டுபிடிச்சவரு"ன்னு ஆரம்பிச்சேன், ரெண்டே நிமிஷத்துல எந்திரிச்சு ஓடிட்டாங்க. பெருமை பேசினா புள்ளைங்களுக்கு ஒட்டாது, அந்த ஆள் செஞ்ச ஒரே ஒரு காரியத்தைக் காட்டினா போதும், அப்படியே ஒட்டிக்கும்.

ஸ்டெப் 1: புத்தகம் பாத்து எடுங்க

மொதல்ல நூலகத்துல சிறுவர் பகுதிக்குப் போங்க, இல்லன்னா புத்தகத் திருவிழா வர்றப்போ நின்னு நிதானமா புரட்டுங்க. எழுத்தை உள்ளங்கையால மறைச்சுட்டு படத்தை மட்டும் பாருங்க. அதுல யாராச்சும் ஓடுறாங்களா, விழுறாங்களா, எதையாச்சும் உத்துப் பாக்குறாங்களா? அப்படி இருந்தா எடுங்க. பக்கத்துக்குப் பக்கம் கோட்டு போட்டு போட்டோவுக்கு நிக்கிற மாதிரியே இருந்தா வச்சிடுங்க.

இன்னொண்ணு, நியூட்டன் மண்டையில ஆப்பிள் விழுற மாதிரி நிறைய புத்தகத்துல வரைஞ்சிருப்பாங்க. விழுறதைப் பாத்து யோசிச்சேன்னுதான் அவர் சொல்லியிருக்காரு. 1665-ல பிளேக் வந்து கேம்பிரிட்ஜை மூடிட்டாங்க, ஊருக்குத் திரும்பி வந்து சும்மா உக்காந்து யோசிச்ச காலம் அது. அதைச் சொல்லுங்க, கொரோனா லீவு மாதிரின்னா உடனே புரிஞ்சுக்குவாங்க.

ஸ்டெப் 2: ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், பத்தே நிமிஷம்

பொறந்த தேதி, படிச்ச காலேஜ் எதுவும் இப்ப வேணாம். டார்வினுக்கு நான் எடுத்தது வண்டு கதை. காலேஜ் பையனா இருக்கறப்போ ஒரு மரப்பட்டையை உரிச்சாரு, ரெண்டு அபூர்வமான வண்டு, கைக்கு ஒண்ணா புடிச்சுட்டாரு, அப்போ பாத்து மூணாவதா ஒண்ணு வருது. விடவும் மனசு இல்ல, அதனால வலது கையில இருந்ததை டபக்குன்னு வாயில போட்டுகிட்டாரு! அது உள்ள காரமா எதையோ பீச்சி நாக்கு எரிஞ்சு துப்பிட்டாரு, அதுவும் போச்சு, மூணாவதும் போச்சு. இங்க நிறுத்திட்டு, "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"ன்னு மட்டும் கேளுங்க. என் பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "பாவாடையில புடிச்சிருப்பேம்மா"ன்னா. அன்னைக்கு அதோட முடிச்சுட்டேன், அதுக்கு மேல சொல்லியிருந்தா அந்த யோசனை கலைஞ்சிருக்கும்.

ஸ்டெப் 3: கையில ஒரு பொருள் கொடுங்க

ராமானுஜனுக்கு சிலேட்டு. பேப்பர் வாங்குறது கட்டாதுன்னு சிலேட்டுலயே கணக்கு போட்டு, முழங்கையாலயே அழிச்சு, கடைசியில வந்த விடையை மட்டும் நோட்டுல எழுதி வச்சவரு அவரு. கடையில ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிட்டு வந்து, கையால தொடைக்காம முழங்கையாலதான் அழிக்கணும்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேர் முழங்கையும் வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு, அக்கா பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்ல சித்தி"ன்னான். எந்தப் பக்கத்துலயும் அது எழுதலை, அவனாவே புடிச்சது.

ஸ்டெப் 4: கஷ்டமான பக்கத்தைத் தாண்டிப் போயிடாதீங்க

புனேல 1848-ல பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச சாவித்திரிபாய் பூலேவுக்கு அப்போ 17 வயசுதான். நடந்து போறப்போ சேறும் சாணியும் வீசினாங்க, அதனால கூடவே இன்னொரு சேலை எடுத்துட்டுப் போனாங்க. அம்பேத்கர் பள்ளிக்கூடத்துல தண்ணிப் பானையைத் தொடக்கூடாது, பியூன் மேல இருந்து ஊத்தணும், பியூன் வரலைன்னா அன்னைக்குத் தண்ணியே இல்ல. ஏன்னு கேப்பாங்க. மழுப்பாம, "அது தப்பு, பெரியவங்க செஞ்ச தப்பு"ன்னு நேராச் சொல்லுங்க.

ஸ்டெப் 5: நம்ம பக்கத்து ஆளைச் சேத்துக்குங்க

இதுல நமக்கு குறையே இல்ல. தொழுநோயாளின்னு ரயில்ல ஏறவிடாததால ஊர் ஊரா நடந்தே போன சுப்பிரமணிய சிவா 1925-ல கண்ணை மூடுனது நம்ம பாப்பாரப்பட்டியில, மணிமண்டபம் இருக்கு. ராஜாஜி பொறந்த வீடு ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர்தான் தருமபுரின்னு சொல்லிட்டு ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் கொடுங்க. புத்தகம் கிடைக்கலைன்னா நாலு பேப்பரை மடிச்சு நீங்களே வரைங்க, கோணல் மாணலா இருந்தாலும் பரவாயில்ல.

ஸ்டெப் 6: கயிறு கட்டுங்க

"டார்வினும் ஆயாவும் ஒண்ணா படிச்சாங்களா?"ன்னு ஒரு நாள் கேள்வி வந்துச்சு, அதுக்குதான் இது. ஒரு சாண் 50 வருஷம்னு வச்சுகிட்டு சுவத்துல ஒரு கயிறு. பொறந்த வருஷப்படி 1809 டார்வின், 1831 சாவித்திரிபாய், 1887 ராமானுஜன், 1891 அம்பேத்கர், அப்புறம் ஆயா, அம்மா, பாப்பா, எல்லாருக்கும் துணி கிளிப்புல ஒரு சீட்டு. எங்க ஆயா சீட்டு அம்பேத்கருக்கு ஒரு சாண் தள்ளித்தான் வந்துச்சு, அதைப் பாத்து ஆயாவுக்கே ஆச்சரியம். சாக்ரடீஸை மாட்டணும்னா 1800-ல இருந்து பின்னோக்கி சுமார் 45 சாண் போகணும், கயிறு வாசல் தாண்டி தெருவுக்கே போயிடுச்சு, எதிர் வீட்டு கேட்டுல கட்டிக்க அவங்ககிட்ட பர்மிஷன் கேட்டுட்டு வந்தது என் பொண்ணுதான்.