மாமல்லபுரத்தில் விடியலையும் அந்தியையும் படம் எடுக்க நேரம் குறிக்கும் முறை

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை விடியல் வெளிச்சத்தில் நான் நினைத்தபடி படம் எடுப்பதற்கு மூன்று பயணங்கள் தேவைப்பட்டன. முதல் முறை ஜூன் மாதத்தில் சென்றேன்; நுழைவாயில் திறப்பதற்குள் சூரியன் எழுந்துவிட்டது. இரண்டாம் முறை ஜனவரி தொடக்கத்தில் சென்றேன். வாயில் நேரத்தோடு திறந்தது, வானமும் தெளிவாக இருந்தது, ஆனால் கோபுரத்துக்குப் பின்னால் எழும் என்று நான் காத்திருந்த சூரியன் வெகு தூரம் வலப்புறமாக எழுந்தது. மூன்றாம் முறை மார்ச் மாதத்தில்தான் படம் அமைந்தது. அந்த மூன்று பயணங்களில் கற்றதை, இப்போதுதான் கேமராவை வெளியே எடுத்துச் செல்லத் தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கேமராவின் அடிப்படை இயக்கம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நாளையும் மணியையும் சேர்த்துப் பார்ப்பது

மாமல்லபுரத்தில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.41 மணிக்கும் 6.34 மணிக்கும் இடையில் நகர்கிறது. மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் மிக முன்னதாகவும், ஜனவரி இறுதியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் மிகத் தாமதமாகவும் பொழுது புலர்கிறது. பகல் மிகக் குறுகியிருப்பது டிசம்பர் 21, 22 அளவில் என்பதால் மார்கழியில்தான் உதயம் மிகவும் தாமதமாகும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தின்படி நாள்தோறும் சிறிது மாறுகிறது. அதனால் பகல் நீளத் தொடங்கிய பிறகும் உதயம் தை மாதத்தின் நடுப்பகுதி வரை தள்ளிக்கொண்டே போகிறது.

கடற்கரைக் கோயில் வளாகம் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. ஜூன் மாதத்தில் அந்த நேரத்தில் சூரியன் ஏறத்தாழ 4 டிகிரி உயரத்துக்கு வந்திருக்கும்; சீட்டு வாங்கி உள்ளே நடந்து சேர்வதற்குள் நாம் தேடிச் சென்ற வெளிச்சம் முடிந்துவிடும். ஜனவரி இறுதியிலோ 6 மணிக்கு வானம் இன்னும் ஆழ்ந்த நீலமாகவே இருக்கும், உதயத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எஞ்சியிருக்கும். தோராயமாகச் சொன்னால், அக்டோபர் பிற்பகுதி முதல் ஏப்ரல் முதல் வாரம் வரைதான் வளாகத்துக்குள் நின்று உதயத்தைப் படம் எடுக்க முடியும். அதில் முதல் இரண்டு மாதங்களை வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் எடுத்துக்கொள்வதால், தையும் மாசியும் பங்குனித் தொடக்கமும்தான் நம்பிக்கையோடு திட்டமிடக்கூடிய காலம். மற்ற மாதங்களில் செல்பவர்கள் வேலிக்கு வெளியே கடற்கரை மணலில் நின்று எடுக்கலாம். மீன்பிடிப் படகுகளை முன்னணியில் வைத்து, கோயிலைத் தொலைவில் நிறுத்தினால் அதுவும் மிக நல்ல படமே.

நாட்காட்டித் தாளில் அச்சிட்டிருக்கும் உதய நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். அது எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது என்று பாருங்கள். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் தீர்க்கரேகையில் மூன்று டிகிரிக்கு மேல் வேறுபாடு உண்டு. கடிகாரத்தில் அது ஏறத்தாழ 13 நிமிடம். விடியல் படத்தில் 13 நிமிடம் என்பது முழுப் படத்தையும் இழப்பதற்குப் போதுமானது.

இரண்டாம் படி: சூரியன் எழும் திசை

என்னைத் தடுக்கி விழச் செய்தது இந்தப் படிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று படித்து வளர்ந்த நாம், சரியாகக் கிழக்கில் அது ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே உதிக்கிறது என்பதைக் கேமராவைக் கையில் எடுக்கும்வரை உணர்வதில்லை. வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளந்தால் கிழக்கு 90 டிகிரி. மாமல்லபுரத்தின் அட்சரேகையில் ஜூன் 21 அன்று சூரியன் ஏறத்தாழ 66 டிகிரியிலும், டிசம்பர் 21 அன்று ஏறத்தாழ 114 டிகிரியிலும் எழுகிறது. அதாவது உதயப் புள்ளி ஓராண்டில் அடிவானத்தின் மீது 48 டிகிரி அகலத்துக்கு ஊசலாடுகிறது. முழுச்சட்டகக் கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் காட்டும் அகலமே 40 டிகிரிதான் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் எழுந்த இந்தக் கோயிலின் பெரிய சன்னிதி கடலை நோக்கிக் கிழக்கே பார்க்கிறது. மேற்கே, நிலத்தின் பக்கம் நின்று, சன்னிதிகளின் மேல் கோபுரம்போல எழும் இரண்டு விமானங்களுக்கும் பின்னால் வானம் சிவந்திருக்க அவற்றை நிழலுருவாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஜனவரி முதல் வாரத்தில் நான் சென்றபோது சூரியன் 113 டிகிரி அளவில், அதாவது நேர்க்கிழக்கிலிருந்து 23 டிகிரி தெற்கே எழுந்தது. கோயிலைச் சட்டகத்தின் நடுவில் வைத்தால் செவ்வானத்தின் அடர்ந்த பகுதி படத்துக்கு வெளியே நின்றது. சூரியனைச் சட்டகத்துக்குள் கொண்டுவர இடம் மாறி நின்றால் இரண்டு விமானங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருக்குலைந்தன.

நேர்க்கிழக்கில் உதயம் வேண்டுமென்றால் மார்ச் 20, 21 அளவிலும் செப்டம்பர் 22, 23 அளவிலும் செல்ல வேண்டும். ஆனால் இரண்டு நாட்களும் ஒன்றல்ல. மார்ச்சில் உதயம் ஏறத்தாழ 6.12 மணிக்கு, வாயில் திறந்த பிறகு நிகழ்கிறது. செப்டம்பரில் அதே திசையில் 5.58 மணி அளவில், வாயில் திறப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. திசை ஒன்று, மணி வேறு. இந்த ஒரு கணக்கை முன்பே போட்டிருந்தால் எனக்கு இரண்டு பயணங்கள் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரிய விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 அடி, அதாவது 18 மீட்டர். நீங்கள் அதிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் அதன் உச்சி உங்கள் கண்ணுக்கு ஏறத்தாழ 10 டிகிரி உயரத்தில் தெரியும். சூரியன் அந்த உயரத்தை எட்ட உதயத்துக்குப் பிறகு 40 நிமிடம் ஆகும். ஆகவே விமானத்துக்கு நேர்ப்பின்னால் சூரியன் வரும்படி நின்றால் அந்த 40 நிமிடமும் சூரிய வட்டம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிழலுருப் படத்துக்கு இது பெரும் உதவி, ஏனெனில் கண்ணைக் கூசச் செய்யும் ஒளிவட்டம் மறைந்து, சுற்றியுள்ள வானத்தின் நிறம் மட்டும் எஞ்சும். சூரிய வட்டமே படத்தில் வேண்டுமென்றால் சில அடிகள் பக்கவாட்டில் நகருங்கள்.

இதற்கெல்லாம் கருவி வேண்டுமே என்றால், ஊரின் வரைபடத்தின் மீது உதயக் கோட்டையும் மறைவுக் கோட்டையும் வரைந்து காட்டும் சன்கால்க் என்ற இணையப் பக்கமே தொடங்குபவர்களுக்குப் போதும் என்பது என் உறுதியான கருத்து. போட்டோபில்ஸ் செயலி இன்னும் பலவற்றைச் செய்கிறது. ஆனால் அது விலைக்குக் கிடைப்பது, கற்கவும் காலம் எடுக்கும். இரவு வானத்தை எடுக்கத் தொடங்கும்போது அதை வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும்

கோல்டன் ஹவர் என்ற பெயரைக் கேட்டு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று எண்ணுபவர்களுக்கு நம் ஊர் விடியல் ஏமாற்றத்தையே தரும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுகிறது. மார்ச்சில் மணிக்கு 14 டிகிரிக்கு மேல் உயர்கிறது. உதயத்திலிருந்து 6 டிகிரி உயரம் வரைதான் அந்தப் பொன்னிறம் நிற்கும் என்று கொண்டால், நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 25 நிமிடம். உதயத்துக்கு முன் சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே இருக்கும் நிலையிலிருந்து கணக்கிடும் விடியல் வெளிச்சமும் 21, 22 நிமிடமே. லண்டனில் ஜூன் மாதத்தில் இதே விடியல் வெளிச்சம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. அங்கே வாழ்பவர்கள் எழுதிய வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு இங்கே நிதானமாக இடம் தேடிக்கொண்டிருந்தால் வெளிச்சம் காத்திருக்காது. முந்தைய நாள் மாலையே சென்று, நிற்க வேண்டிய இடத்தை முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

மாலையில் சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறிய, கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஒரு விரலின் தடிமன் ஏறத்தாழ 2 டிகிரி. ஒரு விரலுக்குப் பதினைந்து நிமிடம் என்று சொல்லப்படும் கணக்கு நம் அட்சரேகைக்குப் பொருந்தாது. எட்டு நிமிடம் என்று கொள்ளுங்கள். இப்படி அளக்கும்போது சூரியனை நேராக நோக்காதீர்கள். விரல்களால் அதை மறைத்தபடியே எண்ணுங்கள்.

நான்காம் படி: கேமரா அமைப்பு

ரா கோப்பாகவே எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். அது விடியலின் செம்மையைப் பிழை என்று கருதித் திருத்திவிடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிலையாக வைத்தால் கண்ணில் பட்ட நிறம் படத்திலும் இருக்கும். விடியலில் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்பதால், 6.05 மணிக்குச் சரியாக இருந்த அளவு 6.11 மணிக்கு இரண்டு ஸ்டாப் அதிகமாகியிருக்கும். ஒவ்வொரு சில படங்களுக்கும், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, அதன் வலது ஓரம் வெட்டுப்படாமல் ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எப் 8 என்று தொடங்குவது என் வழக்கம். கண்ணாடி வழியே பார்க்கும் வகை வியூபைண்டர் உள்ள கேமராவில் டெலி லென்ஸைப் பொருத்திச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பார்வைக்கு நிரந்தரக் கேடு நேரலாம். பின்திரையில் பார்த்தே சட்டகம் அமையுங்கள்.

மாலைக்கு ஐந்து ரதங்கள்

விடியலுக்குக் கடற்கரைக் கோயில் என்றால் அந்திக்கு ஐந்து ரதங்கள். திரௌபதி ரதமும் அருச்சுன ரதமும் தருமராச ரதமும் மேற்கு நோக்கியவை. சாயும் வெயில் அவற்றின் முகப்பில் நேராக விழும்போது அந்தக் கருங்கல் தேன் நிறம் கொள்வதைப் பார்ப்பதற்காகவே செல்லலாம். ஆனால் இங்கும் வளாகம் மாலை 6 மணிக்கு மூடப்படுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைவது 6.37 மணி அளவில் என்பதால், பொன்னிற வெளிச்சம் தொடங்கும் வேளையில் காவலர் நம்மை வெளியே அழைப்பார். நவம்பர் பிற்பகுதியிலோ சூரியன் 5.38 மணி அளவிலேயே மறைகிறது. முழு வெளிச்சமும் திறப்பு நேரத்துக்குள் அடங்கும். மேற்கே மரங்கள் இருப்பதால் கல்லின் மீது வெயில் உண்மையான மறைவுக்குச் சிறிது முன்பே விலகிவிடும். ஆகவே நவம்பர் முதல் பொங்கல் வரை, மழை விட்ட நாளாகப் பார்த்து, 4.45 மணிக்குள் உள்ளே இருங்கள்.

அருச்சுனன் தபசு புடைப்புச் சிற்பத்தை மட்டும் இந்த விதியிலிருந்து விலக்குகிறேன். அது கிழக்கு நோக்கிய பாறை. காலை வெயில் நேராக விழும்போது நிறம் அழகாக இருந்தாலும் சிற்பங்களின் புடைப்பு தட்டையாகிவிடுகிறது. முற்பகல் 11 மணியை ஒட்டி, வெயில் மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போதுதான் யானைகளின் வயிறும் முனிவர்களின் விலா எலும்புகளும் நிழலோடு எழுந்து நிற்கின்றன.

பின்னர்ச் சேர்த்தவை

இதைப் படித்துவிட்டுச் சென்ற ஒருவர், விடுதி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குச் சென்றதும் லென்ஸ் முழுவதும் பனி படிந்ததுபோல மங்கிவிட்டது, துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது என்று எழுதினார். ஏ.சி. அறையில் குளிர்ந்த கண்ணாடியின் மீது கடற்காற்றின் ஈரப்பதம் நீராகப் படிவதால் நேர்வது அது. துடைப்பதால் தீராது, கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதற்குள் விடியல் முடிந்துவிடும். குளிர்சாதனத்தை இரவிலேயே அணைத்துவிடுங்கள், அல்லது புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கேமராவை மூடிய பையோடு குளிரூட்டப்படாத இடத்தில் வையுங்கள். மூடிய பைக்குள்ளேயே அது மெல்லச் சூடாகட்டும், அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம்.

முக்காலியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தொல்லியல் துறையின் வளாகங்களுக்குள் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவர்கள் வேலிக்கு வெளியே மணலில் வைத்துக்கொள்ளலாம். கால்களை நன்றாக அழுத்தி ஊன்றுங்கள், அலை வந்து திரும்பும்போது அடியிலுள்ள மணல் அரிக்கப்பட்டு முக்காலி சரியும். உள்ளே கையில் பிடித்தே எடுப்பதானால் ஐ.எஸ்.ஓ. 1600 வரை தயங்காமல் உயர்த்துங்கள்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: திரையில் வானத்தின் பிரகாசமான பகுதியை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, அதன் பிறகு கோயிலை நோக்கிச் சட்டகம் அமையுங்கள். சூரியன் எழுவதாகச் சொல்லப்பட்ட நேரத்தில் எழவில்லை என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். வங்கக் கடலின் அடிவானத்தில் பெரும்பாலான நாட்களில் மேகத்திட்டு ஒன்று படிந்திருக்கும். சூரியன் அதைத் தாண்டி வெளியே வர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அந்த மேகத்தின் விளிம்பு சிவந்து தெரியும் இரண்டு நிமிடங்களில்தான் என் மார்ச் மாதப் படம் கிடைத்தது.